ஸ்பீட் டெஸ்டில் 100 காட்டுகிறது, மேட்ச் மட்டும் ஏன் அறுந்துபோகிறது?

வாசகர் கேள்வி: சார், நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பள்ளி நண்பர்கள் ஐந்து பேர் இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். இரவு ஒன்பது மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் சேர்ந்து விளையாடும்போதுதான் எல்லோரும் பேசிக்கொள்கிறோம். இரண்டு மாதமாக மேட்ச் நடுவில் 'சர்வருடன் தொடர்பு துண்டிக்கப்பட்டது' என்று வந்து என்னை வெளியே தள்ளிவிடுகிறது. பகலில் இந்தப் பிரச்சினை இல்லை. ரௌட்டர் ஹாலில் இருக்கிறது, நான் என் அறையிலிருந்து வைஃபையில் விளையாடுகிறேன். ஸ்பீட் டெஸ்ட் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. டிஎன்எஸ் மாற்றினேன், ஃபயர்வாலை அணைத்தேன், கேமை அழித்துவிட்டு மறுபடி போட்டேன், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். எதுவும் பலிக்கவில்லை. பாதியில் விட்டுப் போகிறேன் என்று கேம் எனக்குத் தண்டனை போடுகிறது. தோற்கும் நேரம் பார்த்து வேண்டுமென்றே போகிறேன் என்று நண்பர்களும் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். இன்னொன்று, ஒரு நண்பன் லாபி (நாங்கள் சேரும் ஆட்ட அறை) போட்டால் என்னால் அதில் நுழையவே முடிவதில்லை, 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று வருகிறது. கேமிங் ரௌட்டர் வாங்கினால் சரியாகுமா? அப்பாவிடம் பணம் கேட்பதற்கு முன் உங்களிடம் கேட்கிறேன்.

பதில்:

தம்பி, ரௌட்டர் இப்போதைக்கு வேண்டாம். அப்பாவிடம் எதுவும் கேட்கவும் வேண்டாம். கோளாறு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டாம்போக்கில் செய்யும் செலவுதான்.

நீங்கள் இதுவரை பட்ட பாடு கொஞ்சமில்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டு எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி வைக்க ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும். ஆனால் அத்தனையையும் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே செய்திருக்கிறீர்கள். 'பகலில் இந்தப் பிரச்சினை இல்லை' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வேண்டிய துப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது. ஃபயர்வால் ஒரு கேமைத் தடுத்தால் காலையிலும் தடுக்கும், இரவிலும் தடுக்கும். விண்டோஸில் ஏதாவது கெட்டுப்போயிருந்தாலும் அப்படித்தான். டிஎன்எஸ் விஷயம் இன்னும் தெளிவு. சர்வரின் பெயரைக் கொடுத்து அதன் முகவரியை வாங்கும் வேலைதான் அதற்கு. முகவரி கிடைத்து மேட்ச் தொடங்கிவிட்டால், நடுவில் அறுவதற்கும் டிஎன்எஸ்ஸுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. 8.8.8.8 போடு, 1.1.1.1 போடு என்று பொது டிஎன்எஸ் சர்வர்களின் முகவரிகளை எல்லோரும் சொல்கிறார்கள். கேம் உள்ளேயே போகாதபோது அதைச் செய்து பார்க்கலாம். உங்கள் நிலைமை அது இல்லை.

இரவில் மட்டும் மாறுவது எது என்று யோசியுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் வந்துவிட்டார்கள், அவர்களுடைய வைஃபையும் மும்முரமாக ஓடுகிறது. உங்கள் இணைய நிறுவனத்தின் கம்பிகளில் தெருவே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று, அல்லது இரண்டு சேர்ந்து. எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குக் காசு செலவில்லை, இரண்டு மூன்று இரவுகள் பொறுமையாக உட்கார வேண்டும்.

அதற்கு முன்னால் அந்த 100 எம்பிபிஎஸ் பற்றிப் பேசிவிடுவோம், ஏனென்றால் அதுதான் எல்லோரையும் திசைதிருப்புகிறது. ஸ்பீட் டெஸ்ட் சொல்வது குழாயின் அகலத்தை. கேமுக்கு அகலம் பெரிதாக வேண்டியதே இல்லை. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள் ஓடும்போது ஒரு எம்பிபிஎஸ் கூடத் தொடாது. அதற்கு வேண்டியது வேறு. நொடிக்குப் பல பத்து முறை ஒரு சின்னத் தகவல் பொட்டலம் உங்களிடமிருந்து சர்வருக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒன்று வர வேண்டும், எல்லாம் ஒரே சீரான இடைவெளியில். வேலரன்ட் போன்ற கேமின் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. வீடியோ பார்க்கும்போது இரண்டு நொடி தடங்கல் வந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது, முன்கூட்டியே இறக்கி வைத்ததை ஓட்டிவிடும். கேமில் அப்படி முன்கூட்டி இறக்க எதுவும் இல்லை, எதிரி அடுத்த நொடி எங்கே நிற்பான் என்பது இன்னும் நடக்கவே இல்லையே. அதனால்தான் கேம்கள் பெரும்பாலும் யுடிபி முறையில் அனுப்புகின்றன. தொலைந்த பொட்டலத்தை மறுபடி கேட்டு வாங்கிக் காத்திருக்காமல் அடுத்ததைப் பார்க்கும் முறை அது. தொலைந்தது தொலைந்ததுதான். தொடர்ந்து சில நொடிகள் எதுவுமே வராவிட்டால் கேம் கைவிட்டு, உங்களுக்கு வரும் அந்தச் செய்தியைக் காட்டும்.

அந்தச் செய்தி ரொம்பப் பொதுவானது. வைஃபை போனாலும் அதுதான், நிறுவனத்தின் கம்பி போனாலும் அதுதான், சர்வரே படுத்தாலும் அதுதான் வரும். ஆகவே அதைப் படித்துவிட்டு எதையும் மாற்றாதீர்கள். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரௌட்டர் வரை ஒரு துண்டு. ரௌட்டரிலிருந்து உங்கள் நிறுவனத்தின் முதல் நிலையம் வரை இரண்டாவது. அங்கிருந்து வெளியே, சர்வர் வரை மூன்றாவது.

இதற்கு விண்டோஸிலேயே இருக்கும் 'பிங்' போதும். ஒரு முகவரிக்குச் சின்னப் பொட்டலம் அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆனது என்று சொல்லும். 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர், ஒரு நெட்வொர்க் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல், ஓரிரவில் எழுதிய சின்ன புரோகிராம் அது. நீர்மூழ்கிக் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்கும் சத்தத்தைத்தான் பெயராக வைத்தார். நாற்பது வருடம் கழித்தும் நான் போகும் இடமெல்லாம் முதலில் எடுப்பது அதைத்தான்.

சரி, செய்ய வேண்டியது இது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) அடியுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரியில் இருப்பது உங்கள் ரௌட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். அடுத்து 'டிரேஸ்ஆர்ட்' (tracert) என்று அடித்து, இடைவெளி விட்டு, 1.1.1.1 போடுங்கள். வரிசையாக முகவரிகள் வரும். முதல் வரி உங்கள் ரௌட்டர். இரண்டாவது வரி பொதுவாக உங்கள் நிறுவனத்தின் முதல் நிலையம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது நட்சத்திரக் குறிகளை மட்டும் காட்டினால் பயப்பட வேண்டாம், பதில் சொல்லும் அடுத்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள். டிரேஸ்ஆர்ட்டில் நடுவில் ஒரு வரி நட்சத்திரமாக இருந்தால் 'இதோ இங்கேதான் கோளாறு' என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நிலையங்களுக்கு முக்கிய வேலை பொட்டலத்தைக் கடத்துவது. நம் கேள்விக்குப் பதில் சொல்வதை அவை கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கும், சில பதிலே சொல்லாது. அந்த வரியில் தொடங்கிய இழப்பு கடைசி வரி வரை தொடர்ந்தால்தான் அது கோளாறு.

இப்போது மூன்று விண்டோக்களைத் திறந்து பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் பிங் (ping), ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, அதை ஒட்டி டி (t) என்ற எழுத்து, இன்னோர் இடைவெளி, பிறகு முகவரி. முதலாவதில் ரௌட்டர். இரண்டாவதில் நிறுவனத்தின் நிலையம். மூன்றாவதில் 1.1.1.1. நொடிக்கு ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். இவற்றை ஓடவிட்டு வழக்கம்போல விளையாடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், இந்தச் சில நாட்களுக்கு ரேங்க் மேட்ச் வேண்டாம், சாதா மேட்ச் ஆடுங்கள். கேம் உங்களை வெளியே தள்ளிய அடுத்த நொடி எதையும் அழுத்தாமல் ஃபோனை எடுத்துத் திரையைப் படம் பிடியுங்கள், மூலையில் கடிகாரமும் தெரியும்படி. அந்தப் படம் இரண்டு மாத யூகங்களைவிடப் பெறுமதியானது.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது ரௌட்டர் விண்டோ. வழக்கமாக அதில் வைஃபையில் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று ஓடும். அங்கேயே 180, 340, பிறகு 'ரெக்வெஸ்ட் டைம்ட் அவுட்' (பதிலே வரவில்லை) என்று இருந்தால், தேடலை அங்கேயே நிறுத்திவிடலாம். ஹாலுக்கும் உங்கள் அறைக்கும் நடுவிலேயே பொட்டலம் தொலைகிறது. வெளியே யாரையும் குறை சொல்ல வழியில்லை, காசு கொடுத்து வேகத்தைக் கூட்டினாலும் பயனில்லை.

வைஃபையின் சுபாவம் அப்படி. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ரௌட்டரும் அதே சேனலில் இருந்தால் அதற்காகவும் காத்திருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று உரசாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே மூன்று. ஒரு குடியிருப்பில் இருபது ரௌட்டர் இருந்தால் இரவு ஒன்பது மணிக்கு அந்த மூன்றில் என்ன நெரிசல் இருக்கும் என்று பாருங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் ஓடுகிறது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் ஓடும்போது அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும். வைஃபை டாங்கிள் (யுஎஸ்பியில் செருகும் வைஃபை கருவி) அதன் பக்கத்து ஓட்டையில் செருகியிருந்தால் டாங்கிளை ஒரு நீட்டிப்பு வயரில் தள்ளி வையுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் நெரிசல் குறையும், ஆனால் சுவரைத் தாண்டும் வலு அதற்குக் குறைவு. அதிலும் ஒரு பொறி உண்டு. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களைப் பல நாடுகளில் வானிலை ரேடார் போன்றவற்றுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும். ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரௌட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே வெளியேறியாக வேண்டும். அது தாவிப் போகும் புதுச் சேனலும் அதே வகை என்றால் பேசத் தொடங்குவதற்கு முன் குறைந்தது 60 நொடி காதைத் தீட்டிக் கேட்க வேண்டும். வீட்டில் மற்றவர்களுக்கு 'நெட் கொஞ்சம் நின்றது' என்பதோடு முடிந்துவிடும். உங்களுக்கு மேட்சே போய்விடும். ரௌட்டர் அமைப்பில் சேனலை 'ஆட்டோ'விலிருந்து எடுத்து 36 முதல் 48 வரையுள்ள ஒன்றில் நிறுத்துங்கள். அந்தச் சேனல்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

ஆனால் என் மனதில் இருப்பதைச் சொல்லவா? வைஃபையைத் தேற்ற முயல்வதைவிட ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். சாதாரண கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், எந்தக் கேமிங் ரௌட்டரையும்விட விலை மலிவு. நிரந்தரமாக இழுக்க வீட்டில் சம்மதிக்காவிட்டாலும் சோதனைக்காக ஓர் இரவு தரையில் போட்டுப் பாருங்கள், அல்லது கம்ப்யூட்டரை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கேபிளில் ரௌட்டர் விண்டோ எப்போதும் 1 மில்லிசெகண்டோ அதற்குக் கீழோதான் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கேபிளைச் சந்தேகியுங்கள். ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கேபிள்தான், வைஃபை இல்லை. ஆனாலும் மேட்ச் அறுந்தது, அதுவும் ஆட்டம் சூடு பிடிக்கும்போது மட்டும். சர்வர் சரியில்லை என்று அந்தப் பையன் சத்தியம் செய்தான். நான் பின்னால் நின்று பார்த்தேன். ஆட்டம் இறுக இறுக அவன் வலது முழங்கால் ஆடத் தொடங்கியது, ஆடிய முழங்கால் மேசைக்கு அடியில் தொங்கிய கேபிளைத் தொட்டது. கேபிள் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு எப்போதோ உடைந்து போயிருந்தது. செருகியது போலத்தான் தெரிந்தது, ஆனால் தொட்டால் ஒரு மயிரிழை பின்னால் வரும். புது முனை போட்டதும் கோளாறு போயிற்று. அதனால் கேபிளைச் செருகும்போது 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள்.

சரி, ரௌட்டர் விண்டோ சுத்தமாக இருக்கிறது, இரண்டாவது விண்டோவில் எண்கள் எகிறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இது நடந்திருக்கவும் நிறைய வாய்ப்பிருக்கிறது என்று தோன்றியது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும்.

ஒன்று, உங்கள் வீடே அந்தக் குழாயை அடைத்துக்கொள்வது. ஸ்பீட் டெஸ்டில் இரண்டு எண் வரும், டவுன்லோட் ஒன்று, அப்லோட் ஒன்று. எல்லோரும் முதல் எண்ணைத்தான் பார்க்கிறோம். பல திட்டங்களில் இரண்டாவது எண் அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது? வெளியே போனவர்கள் வந்து ஃபோனைச் சார்ஜில் போடுகிறார்கள். சார்ஜும் ஏறுகிறது, வைஃபையும் இருக்கிறது என்றால், அன்று எடுத்த படங்களையும் வீடியோக்களையும் மேகக் கணக்குக்கு ஏற்ற அதுதான் சமயம் என்று ஃபோன் நினைக்கும். யாரும் எதையும் அழுத்துவதில்லை, யாருக்கும் தெரிவதும் இல்லை. அப்லோட் முழுக்க நிரம்பிவிடும்.

நிரம்பினால் என்ன ஆகும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். மோடத்துக்குள் பொட்டலங்கள் வரிசையில் நிற்க ஓர் இடம் உண்டு. அதில் ஒரு மெகாபைட் நிற்கலாம் என்று வையுங்கள், அதாவது 8 மெகாபிட். உங்கள் அப்லோட் 10 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 10 மெகாபிட் என்றால் அந்த வரிசை கரைய 0.8 நொடி ஆகும். நீங்கள் சுட்ட செய்தி அந்த வரிசையின் வாலில் போய் நிற்கிறது. 40 மில்லிசெகண்ட் பிங் 840 ஆகிவிடும். வரிசை வழிந்தால் பொட்டலம் கீழே விழும். இதற்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கவனித்து, உலகம் முழுக்க ரௌட்டர்களிலும் மோடங்களிலும் இந்த நோய் இருப்பதை எடுத்துச் சொன்னார்.

உங்கள் வீட்டில் இது இருக்கிறதா என்று பார்க்கப் பகலே போதும். மூன்று விண்டோவும் ஓடட்டும். ஒரு பெரிய வீடியோவை எங்காவது அப்லோட் செய்யத் தொடங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது விண்டோவில் எண்கள் நூறு நூறாக ஏறி, அப்லோடை நிறுத்தியதும் மளமளவென்று இறங்கினால் ஆள் அகப்பட்டுவிட்டான். மருந்து எளிது. வீட்டில் உள்ளவர்களின் ஃபோன்களில் படங்கள் ஏறும் நேரத்தை நள்ளிரவுக்கு மேல் தள்ளி வைக்க முடிந்தால் தள்ளுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் விளையாடும் நேரத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். அதட்டாமல் கேளுங்கள், அது அவர்களுடைய இணைப்பும்தான். நிரந்தரமாகச் சரி செய்ய வேண்டுமானால் ரௌட்டர் அமைப்பில் 'எஸ்க்யூஎம்' (SQM) அல்லது 'ஸ்மார்ட் க்யூ' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதை இயக்கி, அப்லோட் உச்சவரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். வரிசை மோடத்துக்குள் சேராது, கேமின் சின்னப் பொட்டலங்கள் பெரிய வீடியோவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதும் இல்லை. ரௌட்டர் மாற்றுவது என்ற பேச்சே இந்த வசதி உங்கள் ரௌட்டரில் இல்லாதபோதுதான் எழும். அப்போதும் பெட்டியில் 'கேமிங்' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காதீர்கள், இந்த வசதி உண்டா என்று பாருங்கள்.

இரண்டாவது காரணம், நிறுவனத்தின் பக்கமே நெரிசல். இதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரு நாள் இரவு பத்து நிமிடம் வீட்டிலுள்ள மற்ற எல்லாக் கருவிகளின் வைஃபையையும் அணைத்துவிட்டு, உங்கள் கம்ப்யூட்டரை மட்டும் கேபிளில் போட்டுப் பார்ப்பது. அப்போதும் ரௌட்டர் சுத்தம், நிலையம் மட்டும் எகிறுகிறது என்றால் உங்கள் வீட்டில் குற்றமில்லை. அப்படியே, அறுந்த நொடியில் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியின் விளக்குகளையும் பாருங்கள். 'லாஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி சிக்னலே வரவில்லை என்று பொருள். ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கலாம், இணைப்பு முனை அழுக்காகியிருக்கலாம். மெல்லிய ஃபைபர் வயரைக் கூர்மையாக மடக்கி ஆணியில் சுற்றி வைத்திருந்தால் மெல்லத் தளர்த்திவிடுங்கள். முனையை மட்டும் நீங்களே கழற்றாதீர்கள்.

வாடிக்கையாளர் சேவையில் பேசும்போது 'கேமில் லேக் வருகிறது' என்று தொடங்கினால் ஸ்பீட் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள், 100 வரும், புகாரை மூடிவிடுவார்கள். வேறு மாதிரி சொல்லுங்கள். 'கேபிளில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். இரவு ஒன்பது முதல் பத்து வரை உங்கள் முதல் நிலையத்துக்கு 3600 பிங் அனுப்பினேன், 90 தொலைந்தது. என் ரௌட்டருக்கு அனுப்பியதில் ஒன்றுகூடத் தொலையவில்லை. மூன்று நாள் படம் வைத்திருக்கிறேன்' என்று சொல்லுங்கள். இந்த எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடையதை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். பிங்கை நிறுத்தக் கண்ட்ரோலும் சியும் அழுத்தினால் எத்தனை போனது, எத்தனை வந்தது என்று அதுவே சொல்லிவிடும். தொலைந்தவை சிதறிக் கிடக்கின்றனவா, பதினைந்து இருபதாகச் சேர்ந்தாற்போல் தொலைகின்றனவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிதறினால் ஆட்டம் திக்கும், சேர்ந்தாற்போல் தொலைந்தால்தான் வெளியே தள்ளும். எண்ணைக் கேட்டதும் எதிர்முனையில் பேசுபவர் புகாரை மேலே அனுப்பியாக வேண்டிய நிலைக்கு வருவார்.

மூன்று விண்டோவும் அமைதியாக ஓடும்போதே கேம் அறுந்தால், கோளாறு கேம் சர்வரில் அல்லது அதற்குப் போகும் தனி வழியில். கேம் நிறுவனத்தின் சர்வர் நிலைப் பக்கத்தைப் பாருங்கள், நண்பர்களுக்கும் அதே நேரத்தில் அறுந்ததா என்று கேளுங்கள். கேம் அமைப்பில் சர்வர் வட்டாரத்தையும் பார்த்துவிடுங்கள். ஒளி கண்ணாடி இழைக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். 3000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வரக் குறைந்தபட்சமே 30 மில்லிசெகண்ட் ஆகும். 'பிங்கைப் பாதியாக்குகிறோம்' என்று விற்கும் ஆப்கள் ஒளியை முடுக்கிவிட முடியாது. உங்கள் நிறுவனம் சுற்று வழியில் அனுப்பிக்கொண்டிருந்தால் மட்டும் விபிஎன் (நம் பொட்டலங்களை இடையில் இன்னொரு சர்வர் வழியாக அனுப்பும் சேவை) ஒன்று வேறு வழியில் கொண்டுபோய்ச் சேர்க்கலாம், அவ்வளவுதான். தெரியாத இடத்திலிருந்து 'லேக் ஃபிக்ஸ்' என்று எதையும் இறக்கி ஓட்டாதீர்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் ஃபிக்ஸ் என்றால் கிட்டவே போகாதீர்கள். வருடக்கணக்காகச் சேர்த்த கேம் கணக்கு ஒரே இரவில் பறிபோய் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் அணைத்து வைத்த ஃபயர்வாலையும் இன்றைக்கே மறுபடி போடுங்கள்.

அப்புறம் அந்த நாட் சமாச்சாரம். இது வேறு நோய், இரவு அறுவதோடு இதைக் குழப்ப வேண்டாம். உங்கள் வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ஒரே முகவரி. உள்ளிருந்து யார் யாருக்கு எழுதினார்கள் என்று ரௌட்டர் நினைவு வைத்துக்கொண்டு, பதில் வரும்போது சரியான கருவியிடம் சேர்க்கும். அந்த வேலைக்குத்தான் நாட் என்று பெயர். நாமாக எழுதாத ஒருவர் வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால் திருப்பி அனுப்பிவிடும். கேம் நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் மேட்ச்சுக்கு நீங்களே எழுதி நுழைகிறீர்கள், அதனால் தடையில்லை. நண்பன் போடும் லாபி அவன் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் வகை என்றால், இரண்டு வீடும் நேரடியாகப் பேச வேண்டும். இரண்டு பக்கமும் ரௌட்டர் கறாராக இருந்தால் பேச்சு தொடங்காது.

உடனடி வழி ஒன்று இருக்கிறது. ஐந்து பேரில் யாருக்கு 'ஓபன்' என்று காட்டுகிறதோ அவர் லாபி போடட்டும். பெரும்பாலும் எல்லோரும் நுழைந்துவிடலாம். உங்கள் பக்கம் சரி செய்ய, ரௌட்டரில் 'யுபிஎன்பி' (UPnP) என்பதை இயக்கி, ரௌட்டரையும் கேமையும் மறுபடி தொடங்குங்கள். வீட்டிலுள்ள எந்தப் புரோகிராமும் கதவு திறக்கச் சொல்ல அது அனுமதிக்கும் என்பதால் ரௌட்டரின் மென்பொருளை அப்டேட் செய்து வைத்திருங்கள். அது பிடிக்காவிட்டால் கேம் நிறுவனம் சொல்லும் போர்ட்களை (எண்ணிட்ட கதவுகளை) மட்டும் உங்கள் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடலாம். 'டிஎம்இசட்' (DMZ) போடச் சொல்பவர்கள் உண்டு. அது எல்லாக் கதவையும் ஒரேயடியாகத் திறந்து வைப்பது, செய்யாதீர்கள். நிறுவனம் கொடுத்த பெட்டிக்குப் பின்னால் நீங்கள் வேறொரு ரௌட்டரையும் வைத்திருந்தால் இரண்டு நாட் ஆகிவிடும். பின்னால் இருப்பதை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு, அதாவது நாட் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் நிலைக்கு, மாற்றுங்கள்.

இதெல்லாம் செய்தும் 'ஸ்ட்ரிக்ட்' போகவில்லையா? ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்று இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் நிறுவனமே தன் பக்கம் இன்னொரு பெரிய 'நாட்' அமைப்புக்குப் பின்னால் பல வீடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடிதான், எல்லோருக்கும் போதாது. அதற்காகவே 2012-இல் இந்த எண்களை ஒதுக்கினார்கள். இந்த நிலையில் உங்கள் ரௌட்டரில் எதை மாற்றினாலும் முழுப் பலன் இருக்காது, கதவு உங்கள் கையில் இல்லை. 'எனக்குப் பொது ஐபி முகவரி வேண்டும், அல்லது ஐபிவி6 கொடுங்கள்' என்று நிறுவனத்திடம் கேளுங்கள். ஐபிவி6 என்பது முகவரிப் பஞ்சமில்லாத புதிய ஐபி முறை. பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். அப்பாவிடம் ஏதாவது கேட்பதாக இருந்தால், அந்த எண்ணைப் பார்த்த பிறகு, அதற்காகக் கேளுங்கள்.

நண்பர்களிடம் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். 'நான் ஓடிப்போகவில்லை, என் லைன் அறுகிறது, சோதித்துக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லி, அறுந்ததும் எடுத்த முதல் படத்தைக் குழுவில் போடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அந்த ஐந்து பேருக்கும் அந்த ஒரு மணி நேரம் என்ன என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

முதல் இரவு இப்போது இருப்பது போலவே வைஃபையில் விளையாடுங்கள். இரண்டாம் இரவு கேபிளில். மூன்றாம் இரவு கேபிளோடு, வீட்டு ஃபோன்களின் வைஃபையை அணைத்துவிட்டு. ஓர் இரவுக்கு ஒரு மாற்றம் மட்டும். எந்த இரவில் எத்தனை மணிக்கு அறுந்தது, அப்போது எந்த விண்டோ முதலில் எகிறியது என்று எழுதி, படங்களோடு எனக்கு அனுப்புங்கள். கூடவே ஸ்பீட் டெஸ்டின் அந்த இரண்டாவது எண்ணையும்.